நன்றி, உங்கள் பதில் கிடைத்தது

சுத்தக்காரர்களால் வரும் கேடு ஒன்று உண்டு. அழுக்கன் செய்த தப்பு நாலு நாளில் நாறிவிடும், யாராவது மூக்கைப் பிடித்துக்கொண்டு கண்டுபிடித்துவிடுவார்கள். சுத்தக்காரன் செய்த தப்பு துடைத்து அடுக்கி வைத்த அலமாரிக்குள் வருடக்கணக்கில் கிடக்கும். அலமாரியின் அழகைப் பார்த்துவிட்டு யாரும் உள்ளே கைவிட மாட்டார்கள்.

இந்தக் கதையில் வருகிறவன் சுத்தக்காரன். மருத்துவமனைகளுக்கு மென்பொருள் எழுதிக் கொடுக்கும் ஒரு நிறுவனத்தில் வேலை. அங்கே அவனுக்கு வைத்த பெயர் அளவுகோல். எதிரில் இருப்பவரின் மேஜையில் பேனா கோணலாகக் கிடந்தால், பேசிக்கொண்டிருக்கும் பேச்சை நிறுத்தி அதை நேராக்கிவிட்டுத்தான் தொடர்வான். "உன்னைக் கட்டிக்கிறவ பாவம்டா" என்று அவன் அக்கா சொல்வாள். அந்தப் பாவத்துக்கு இன்றுவரை யாரும் ஆளாகவில்லை.

அன்று மதியம், சாப்பிட்ட மயக்கத்தில் பாதி அலுவலகம் நாற்காலியில் சாய்ந்து கிடந்தபோது, அவன் பெயருக்கு ஒரு புகார் வந்தது. அனுப்பியவர் மருத்துவமனையில் மாற்றுச் சிறுநீரகத்துக்குக் காத்திருப்போர் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் அம்மா. இறந்துபோன ஒரு நோயாளியின் மனைவி வந்து உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறார். தன் கணவர் ஒவ்வொரு தடவையும் பதில் அனுப்பினார் என்கிறார். எங்கள் பதிவில் ஒரு தடவைகூட இல்லை, என்று எழுதியிருந்தார். கூடவே ஒரு படம். இறந்தவரின் போன் திரை. பச்சை நிறத்தில் ஒரு சரி அடையாளம், அதற்குக் கீழே, 'நன்றி, உங்கள் பதில் கிடைத்தது'.

அந்தப் பச்சை அடையாளத்தை வரைந்தவனே அவன்தான்.

ஏற்பாடு இதுதான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, காத்திருக்கும் ஒவ்வொருவரின் போனுக்கும் ஒரு செய்தி போகும். திறந்தால் அவர்கள் பெயரும் முகவரியும் தெரியும். 'இன்னும் காத்திருக்கிறேன்' என்ற பொத்தானை அழுத்தினால் ஒரு லிங்க் வழியாகப் பதில் போய்ச் சேரும். இரண்டு முறை தொடர்ந்து பதில் வராவிட்டால் பட்டியலிலிருந்து பெயர் எடுக்கப்படும், எடுத்ததைச் சொல்லித் தனியாகத் தகவல் போகாது. கல்நெஞ்சக்காரர்கள் போட்ட விதி இல்லை அது. இறந்துபோனவருக்கும் ஊரைவிட்டே போனவருக்கும் போன் அடித்துக்கொண்டிருந்தால், எடுத்த சிறுநீரகம் யாருக்கும் ஆகாமல் கெட்டுப்போகும். அதற்காகப் போட்ட விதி.

வயசானவர், எதையாவது தப்பாக அழுத்தியிருப்பார் என்றுதான் முதலில் நினைத்தான். இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு முதலில் வாயில் வருவது அதுதான். பழி எப்போதும் அழுத்தியவர் விரல்மேல். பிறகு இறந்தவரின் பதிவைத் திறந்தான். முகவரியின் முதல் எழுத்து, எழுத்தே இல்லை. # என்ற குறி, ஹாஷ் என்பார்கள். அதற்குப் பிறகுதான் வீட்டு எண்.

அந்த லிங்கைக் கட்டும் வரியைத் தேடித் திறந்தான்.

இதை விளங்கிக்கொள்ளப் பெரிய படிப்பு வேண்டாம். லிங்கில் சில குறிகளுக்கு உத்தியோகம் உண்டு. கேள்விக்குறி வந்தால், இனி விவரங்கள் வருகின்றன என்று பொருள். & வந்தால், ஒரு விவரம் முடிந்தது, அடுத்தது தொடங்குகிறது. # வந்தால், இதற்குப் பின்னால் இருக்கும் எதையும் அந்தப் பக்கம் அனுப்பாதே, போனிலேயே வைத்துக்கொள் என்று பொருள். இதே குறிகள் உத்தியோகத்தில் இல்லாமல் ஒருவருடைய பெயரிலோ முகவரியிலோ சும்மா உட்கார்ந்திருந்தால், அவற்றுக்கு வேறு வேஷம் போட்டுத்தான் லிங்கில் ஏற்ற வேண்டும். #-ஐ %23 ஆக்கி அனுப்பினால் அந்தப் பக்கம் பத்திரமாக இறங்கி மறுபடி # ஆகிவிடும். வேஷம் போட்டுவிட ஒரு ஃபங்ஷன், அதாவது ஏற்கெனவே எழுதி வைத்த ஒரு சின்னக் கட்டளை, தயாராகவே இருக்கிறது. ஒரு சொல், ஒரு ஜோடி அடைப்புக்குறி, அவ்வளவுதான் வேலை. நேற்று வேலைக்குச் சேர்ந்தவனுக்கும் அது தெரியும். தெரியாதவர்களுக்கு வகுப்பெடுத்ததே அளவுகோல்தான்.

பெயருக்குப் போட்டிருந்தான். நோயாளி எண்ணுக்கும் போட்டிருந்தான். முகவரி கடைசி நேரத்தில் வந்தது. மென்பொருளை மருத்துவமனையில் ஏற்றுவதற்கு முந்தின நாள் அந்தப் பிரிவு அம்மா, பதிலோடு முகவரியும் வந்தால் சரிபார்த்துக்கொள்ள வசதியாக இருக்கும் என்று கேட்டார். வரிசைக்கிரமம் பார்க்கிறவன் இல்லையா, முகவரியை லிங்கின் தலைமாட்டில் வைத்தான். வேஷம் போடாமல் வைத்தான். சோதித்துப் பார்க்க அவன் எப்போதும் போடும் முகவரியையே போட்டான், சுத்தமான முகவரி, குறியும் இல்லை கோணலும் இல்லை. ஓடியது. வீட்டுக்குப் போனான்.

ஆக, முகவரியில் # இருந்தவர்கள் அழுத்திய ஒவ்வொரு தடவையும், அந்தக் குறியோடு எல்லாம் நின்றுவிட்டது. பெயர் போகவில்லை, எண் போகவில்லை, 'இன்னும் காத்திருக்கிறேன்' என்பதும் போகவில்லை. ஆனால் திரையில் நன்றி வந்தது. அதற்கும் ஒரு கதை உண்டு. பக்கம் மெதுவாக வருகிறது, பெரியவர்கள் பதறிப் பதறித் திரும்ப அழுத்துகிறார்கள் என்று யாரோ குறை சொன்னதால், மருத்துவமனைப் பக்கம் இருக்கும் சர்வரின் பதிலுக்குக் காத்திராமல் அழுத்திய கையோடு நன்றி சொல்லும்படி மாற்றி வைத்தான். அதற்காக அவனுக்குக் கைதட்டல்கூடக் கிடைத்தது.

இதெல்லாம் அவன் மண்டையில் ஓடி முடிக்க அதிக நேரம் ஆகவில்லை. அதற்குப் பிறகு அவன் செய்த காரியத்தைத் தள்ளிப்போடத்தான் நேரம் ஆயிற்று. எழுந்து போய்த் தண்ணீர் குடித்தான். மேஜையைத் துடைத்தான். ஏற்கெனவே நேராக இருந்த பேனாக்களை நேராக்கினான். பிறகு உட்கார்ந்து அக்காவின் பதிவைத் திறந்தான்.

அக்கா பெண்களுக்கு முடி திருத்தும் கடை வைத்திருந்தவள். கத்தரிக்கோலைவிட வாய் வேகம். நாற்காலியில் உட்கார்ந்து எழுந்திருப்பதற்குள் மாமியாரைச் சமாளிக்கும் வழி, தலைவலிக்கு வைத்தியம், நம்பகமான பிளம்பரின் போன் எண் எல்லாம் கொடுத்து அனுப்புவாள். சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு கடையை விற்றுவிட்டாள். வாயை விற்கவில்லை. கணவர் போய்ப் பல வருடம் ஆகிறது. பிள்ளை கிடையாது. அவளுக்கு இருப்பது தம்பி, தம்பிக்கு இருப்பது அவள். முதல் மாதமே அவன் தன்னுடையதில் ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொன்னான், பொருந்தவில்லை. அவள் ரத்தம் யாரையும் எளிதில் ஏற்றுக்கொள்ளாத ரத்தம், பொருந்துவது அபூர்வம் என்றார் டாக்டர். இதயமும் களைத்துவிட்டது, டயாலிசிஸை நம்பி ரொம்ப நாள் ஓட்ட முடியாது என்று போன வாரம்தான் தம்பியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

அக்கா குடியிருப்பது ஒரு வீட்டின் பின்பகுதியில். முன்வீட்டுக்கும் அதற்கும் ஒரே கதவு எண் என்பதால், ஆஸ்பத்திரிக் கடிதமெல்லாம் முன்வீட்டுக்குப் போய் அங்கே பழைய பேப்பரோடு கலந்துவிடும். "முகவரியில முதல்லயே ஹாஷ் போட்டு ரெண்டுன்னு எழுதுக்கா, பளிச்சுனு தெரியும்" என்று சொல்லிக் கொடுத்தவன் தம்பி.

திரையில் அவள் பெயருக்கு எதிரே சாம்பல் நிறத்தில் இருந்தது. 'பட்டியலில் இல்லை. காரணம்: பதில் இல்லை.' அதற்குக் கீழே இன்னொரு வரி. பொருந்தும் சிறுநீரகம் ஒன்று வந்திருக்கிறது. இவள் பட்டியலில் இல்லாததால் அடுத்தவருக்கு அழைப்பு போயிருக்கிறது. இத்தனை வருடத்தில் அவளுக்குப் பொருந்தி வந்தது அந்த ஒன்றுதான்.

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்கள். இவன் அக்காவுக்கு வைத்தான்.

திருத்தம் எழுத ஒரு காபி ஆறும் நேரம்கூட ஆகவில்லை. முகவரியைச் சுற்றி அந்த ஒரு சொல்லையும் ஒரு ஜோடி அடைப்புக்குறியையும் போட்டான். நன்றி சொல்லும் பக்கத்தை, சர்வர் பெற்றுக்கொண்ட பிறகு மட்டும் வரும்படி மாற்றினான். இவ்வளவு சின்ன வேலை.

குழுவின் தலைவரிடம் போய்ச் சொன்னான். அவர் கெட்டவர் இல்லை, இரண்டு பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்குப் பயந்து வாழ்கிற மனிதர். கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"திருத்தியாச்சுல்ல?"

"ஆச்சு சார்."

"அப்ப சத்தம் போடாம ஏத்திடுப்பா. 'சிறு மேம்பாடு'ன்னு எழுதிடு. எழுத்துல எதுவும் ஒத்துக்காத."

"ஆள் செத்திருக்காரு சார்."

"தெரியுது. நீ ஒத்துக்கிட்டா அவரு எழுந்து வரப்போறாரா? உன் வேலை போகும், என் வேலை போகும், இந்தத் தளத்துல பாதிப் பேர் வேலை போகும்."

"எங்க அக்கா பேரும் அதுல இருக்கு சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். அவன் எழுந்து, திருத்தத்தை ஏற்றி, நடந்ததை அக்காவின் பெயரோடு நடந்தபடி எழுதி மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டு, அங்கேயே கிளம்பிப் போனான்.

காத்திருப்போர் பிரிவு ஒரு சின்ன அறை. அந்த அம்மா அவன் எழுதியதை அதற்குள் படித்திருந்தார். திட்டுவார் என்று நினைத்துப் போனான். திட்டியிருந்தால் தேவலை.

"ஹாஷ் போட்டவங்க எல்லாரையும் திருப்பிச் சேர்க்கச் சொல்லி கமிட்டிக்கு எழுதறேன் சார். சேர்த்துடுவாங்கன்னுதான் நினைக்கிறேன். பழைய இடமே கிடைக்கலாம்."

"அந்த கிட்னி?"

"அது இப்ப ஒருத்தங்க உடம்புல வேலை செய்யுது சார்." சொல்லிவிட்டு மேஜையைப் பார்த்தார். "அவங்களும் யாருக்கோ அக்காதான்."

"அக்காவுக்கு இன்னொண்ணு வர எவ்வளவு நாள் ஆகும்?"

"நீங்க டாக்டரைப் பாருங்க சார்." பாவம், பொய் சொல்லத் தெரியாத அம்மா.

டயாலிசிஸ் அறை அதே கட்டிடத்தில் இரண்டு மாடிக்கு மேலே. அக்காவுக்கு அன்று முறை. சாய்வு நாற்காலிகள் வரிசையாக, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு இயந்திரம். அக்காவின் இடது கையிலிருந்து இரண்டு குழாய்கள் போயின, ஒன்றில் ரத்தம் வெளியேறி இன்னொன்றில் திரும்பிக்கொண்டிருந்தது. பக்கத்து நாற்காலி காலி. அதற்குரியவர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், அறை முழுக்க அவரை டிரைவர் அண்ணன் என்றே கூப்பிடும். இயந்திரத்தை மாட்டியதும் "வண்டி கிளம்பிடுச்சு, கையைத் தலையை வெளியே நீட்டாதீங்க" என்று சத்தமாகச் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைப்பார். மதியம் வந்த படத்திலிருந்த போன் அவருடையதுதான்.

"என்னடா, ஆபீஸ் நேரத்துல வந்து நிக்கிற? சீட்டைக் கிழிச்சிட்டாங்களா?"

"இன்னும் இல்லக்கா."

"மூஞ்சியைப் பாரு, பேயறைஞ்ச மாதிரி. உக்காரு. சாப்பிட்டியா?"

அவன் உட்காரவில்லை. நின்றுகொண்டே சொல்லத் தொடங்கினான், தொழில் வார்த்தைகளாக வந்து விழுந்தன. அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. "மனுஷ பாஷையில சொல்லுடா" என்றாள்.

"பஸ்ல மணிக்கயிறு இருக்கும்ல. கண்டக்டர் இழுத்தா வண்டி நிக்கும். ஒரு குழந்தை விளையாட்டா இழுத்தாலும் நிக்கும். டிரைவருக்கு யாரு இழுத்தாங்கன்னு தெரியாது. அந்த ஹாஷ் குறி, லிங்குல மணிக்கயிறு மாதிரி. உன் முகவரியில அது இருந்துச்சா, வண்டி அங்கயே நின்னுடுச்சு. உன் பதில் போய்ச் சேரலக்கா. ஒரு தடவைகூடச் சேரல. நான்தான் கயிறை மூடி வெச்சிருக்கணும்."

"நான் ஒவ்வொரு தடவையும் மூணு மூணு தரம் அழுத்துவேனேடா."

"தெரியும்."

"நன்றின்னு வந்துச்சே."

"அதை வர வெச்சதும் நான்தான்."

அக்கா குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் எதையாவது நேராக்கலாமா என்று சுற்றுமுற்றும் பார்த்தான். எல்லாம் நேராகவே இருந்தன.

"எனக்குன்னு ஏதாவது வந்துச்சா?" என்று கேட்டாள். குரல் சின்னதாக இருந்தது.

"வந்துச்சு."

"எப்போ?"

"அந்தப் பெரிய மழை பெஞ்சுதே, கரண்ட் போய் ஜெனரேட்டர்ல ஓட்டுனாங்களே. அன்னிக்கு."

"அன்னிக்கு நான் இங்கதானேடா உக்காந்திருந்தேன்."

"ஆமாக்கா."

"இதே நாற்காலியிலடா."

அவன் தலையாட்டினான். கீழே எங்கோ ஒரு அறையில் அவளுக்குப் பொருந்தியது பனிப்பெட்டியில் வந்து இறங்கியபோது, இரண்டு மாடி மேலே அவள் டிரைவர் அண்ணனோடு மழையைப் பற்றிப் பேசிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கூப்பிட்டிருந்தால் நடந்தே போயிருப்பாள்.

"யாருக்குப் போச்சோ, நல்லா இருக்கட்டும்" என்றாள். மனதார வந்த வார்த்தை இல்லை அது. சொல்லாமல் விட்டால் பாவம் என்று சொன்னாள். சொன்ன பிறகு அழுதாள். வலது கையால் முகத்தை மூடிக்கொண்டாள், இடது கையை அசைக்கக் கூடாது.

அழுகை நின்றதும் பக்கத்து நாற்காலியைப் பார்த்தாள்.

"அண்ணனுக்கும் இதேதானா?"

"இதேதான்."

"அவரு ஏன்டா முகவரியில ஹாஷ் போட்டாரு?"

கேட்டாள். கேட்ட வாய் அப்படியே நின்றது. தம்பிக்கு அது அதுவரை தோன்றவே இல்லை. முகவரியில் அந்தக் குறியைப் போடுகிறவர்கள் அங்கொருவர் இங்கொருவர் இருப்பார்கள் என்று நினைத்திருந்தான். இந்த ஓர் அறையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் ஏன் இரண்டு பேர் என்று அவன் யோசிக்கவில்லை. அக்காவுக்கு யோசிக்கத் தேவை இருக்கவில்லை.

"நான்தான்டா போட்டுக் குடுத்தேன்" என்றாள். "புதுசா சாஃப்ட்வேர் வருது, எல்லாரும் முகவரியைச் சரி பண்ணுங்கன்னு சொன்னாங்கள்ல. எல்லாரும் அடுக்குமாடிக்காரங்க. லெட்டர் மாறிப் போகுதுன்னு புலம்புவாங்க. என் தம்பிதான் இதையே எழுதினவன், அவனே சொல்லிக் குடுத்தது, முதல்ல ஹாஷ் போடணும்னு சொல்லி, போனை வாங்கி நானே அடிச்சுக் குடுத்தேன். அண்ணனுக்கு. டீச்சருக்கு. தையல்காரருக்கு. அதோ அந்தக் கடைசியில இருக்காங்களே, அவங்களுக்கு." வலது கையை நீட்டி ஒவ்வொரு நாற்காலியாகக் காட்டினாள். எதற்குக் காட்டுகிறாள் என்று தெரியாமல் டீச்சர் அங்கிருந்து பார்த்துச் சிரித்துக் கையசைத்தார்.

"உன் தப்பு இல்லக்கா. என் தப்பு."

"உன் தப்புதான்" என்றாள் அக்கா. "ஆனா கை என்னுது."

மேலே என்ன சொல்லலாம் என்று அவன் தேடினான். கமிட்டி இருக்கிறது, எல்லோரையும் திருப்பிச் சேர்ப்பார்கள், இன்னொன்று வரும். டாக்டர் சொன்னது நெஞ்சில் இருக்கும்போது அதில் ஒன்றுகூட வாயில் ஏறவில்லை. அக்காவும் கேட்கவில்லை. தன் உடம்பு எவ்வளவு தூரம் ஓடும் என்பது அவளுக்கு டாக்டரைவிட நன்றாகத் தெரியும். தெரியாதது போல் இருந்தது தம்பிக்காக. இனிமேல் அந்தச் சிரமமும் வேண்டாம் என்பதுபோல் கண்ணை மூடிக்கொண்டாள்.

அப்போது நர்ஸ் ஒரு பெண்ணை அழைத்து வந்து டிரைவர் அண்ணனின் நாற்காலியில் உட்கார வைத்தார். முதல் நாள் போலிருக்கிறது, பயத்தில் முகம் வெளுத்திருந்தது. கூட வந்த கணவர் அவள் போனை வைத்துக்கொண்டு தடுமாறிக்கொண்டிருந்தார்.

"ஏம்மா" என்று அந்தப் பெண் அக்காவைக் கூப்பிட்டாள். "இதுல முகவரி கேக்குது. எங்களுது ஒரே கேட்டுக்குள்ள பல வீடு. எப்படி எழுதினா சரியா வரும்? உங்களுக்குத் தெரியுமா?"

இந்த அறையில் இப்படி ஒரு கேள்வி வந்தால், கேட்டு முடிக்கும் முன்பே அக்கா போனை வாங்கியிருப்பாள். இன்று கண்ணைத் திறந்தவள் வாயைத் திறக்கவில்லை.

தம்பிதான் சொன்னான். "எப்படி வேணும்னாலும் எழுதுங்க. எந்தக் குறி போட்டாலும் இப்ப சரியாப் போய்ச் சேரும்."

அது முழு உண்மை. அன்று மதியம் திருத்தியது, அவன் இதுவரை எழுதியதிலேயே பிசிறில்லாத வரி. கணவர் முகவரியை அடித்தார், அந்தப் பெண் பொத்தானை அழுத்தினாள். ஒரு கணம் தாமதித்து, சர்வர் பெற்றுக்கொண்டு பதில் சொன்ன பிறகு, பச்சை அடையாளம் வந்தது.

"நன்றின்னு வந்துடுச்சு" என்று அந்தப் பெண் நிம்மதியாகச் சிரித்து, திரையை அக்காவின் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

அக்கா அதைப் பார்த்தாள். தம்பி அங்கே நிற்பது அவளுக்குத் தெரியும். அவன் பக்கம் திரும்பவில்லை.

"அதை நம்பி உக்காந்திருக்காதம்மா" என்றாள். "ரெண்டு மாடி கீழே ஆபீஸ் இருக்கு. வீட்டுக்காரரை அனுப்பி, உன் பேரு நெசமாவே இருக்கான்னு ஆள்கிட்ட கேட்டுட்டு வரச் சொல்லு."

கணவர் போனை வாங்கிக்கொண்டு தம்பியைக் கடந்து படியிறங்கிப் போனார்.